கியர்பாக்ஸுக்கும் மூச்சு வேண்டும்

“...எல்லார் முன்னாலயும் சொன்னதை, ஆளில்லாத இந்த கேட்டுல வந்து திருப்பி எடுத்துக்கிட்டா எப்படி ஆசானே?”

தேவராஜ் இப்படித்தான் கேட்டான். கொச்சி வெலிங்டன் தீவில் ஒரு குடோனின் வாசலில், காவலாளியின் காக்கிச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக நின்றுகொண்டு கேட்டான். குரல் உயரவில்லை. எதிரே எங்கள் ஆசான் அந்தோணி நின்றிருந்தார். அவருடைய உள்ளங்கையில் காளான் போன்ற ஒரு சின்ன இரும்புத் தொப்பி. அவர்கள் பக்கத்தில் நான். எங்களுக்குப் பின்னால் ஒரு பழைய லாரி, கேட்டு திறக்கக் காத்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கு அப்புறம் தேவராஜ் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், முதலில் அந்தத் தொப்பி எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு போன். சென்ற மாதம் எறணாகுளத்திலிருந்து எனக்குப் பழக்கமான ஒரு போர்மேன் கூப்பிட்டார். பழைய வண்டி, கியர்பாக்ஸ் முன்சீலில் ஒழுகல், மாற்றி மாற்றிப் போட்டும் நிற்கவில்லை என்றார். “சீல் போடறவன் சரியில்லண்ணே, ஆளை மாத்திடலாம்னு பாக்கறேன். உங்களுக்குத் தெரிஞ்சவன் யாராச்சும் இருக்கானா?” ஆளை மாற்றுவதற்கு முன்னால் பிரீதரைத் திறந்து பாருங்கள் என்று சொல்லி (அது என்ன என்பது பின்னால் வரும்) போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகும் மனது உட்காரவில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். சரி, இதையே எழுதுகிறேன்.

நான் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவன். அப்பா நகராட்சி வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், அதுவும் பாதியில் நின்றுபோனது. தமிழ் எழுத்தை எனக்குக் கொடுத்தது லாரிகள்தான். கம்பத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் சரக்கோடு வரும் வண்டிகளின் பின்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்தே தமிழ் வாசிக்கப் பழகினேன். அதனால் என் பேச்சில் பழமொழி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். பின்பலகையில் வேறென்ன எழுதுவார்கள்?

வேலை பழகிய வருஷங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கழுவச் சொன்னார்கள், கழுவினேன். பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். உலகத்தில் மற்றவர்கள் வானம் பார்த்த நேரத்தில் நான் லாரியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். என்னோடு கூடவே கிடந்தவன் தேவராஜ். அடுத்த வீட்டுக்காரன், ஒத்த வயசு. ஒரே நாளில் அந்தோணியாசானிடம் சேர்ந்தோம்.

ஆசான் ஃபோர்ட் கொச்சிக்காரர். எங்களிடம் தமிழில்தான் பேசுவார், அது பாதி மலையாளமாக இருக்கும். கியர்பாக்ஸ் வேலைக்கு மட்டுமென்று பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் வைத்திருந்தார். அவருடைய கோபம் வேறு தினுசு. குரல் ஏறாது, மரியாதை ஏறும். ‘எடா மோனே’ என்று கூப்பிடுகிற வரைக்கும் பயமில்லை. ‘நீங்க’ என்று ஆரம்பித்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். எதிரே சாயாக்கடை வைத்திருந்த பீரான் இக்கா சொல்வார்: “அந்தோணியாசான் மரியாதை கொடுத்தா, ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டு வச்சுக்கோ.”

ஒழுகல் வண்டி வந்தால் ஆசான் முதலில் எதையும் கழற்ற விடமாட்டார். அடியில் போய் ஒழுகியதை விரலில் தொட்டு எடுப்பார். எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நின்று முகர மாட்டார். நாலு பக்கமும் சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற தெரு அது, மூக்கு ஏமாறும். காயல் ஓரம் வரைக்கும் நடந்துபோய், காற்றுக்கு முகம் கொடுத்து நின்று முகருவார். கருகிய வாசம் வந்தால் இன்ஜின் ஆயில். பூண்டு அழுகின நாற்றம் வந்தால் கியர் ஆயில். அதற்கப்புறம்தான் எங்களைப் பார்த்துத் தலையை அசைப்பார்.

பிறகு கழுவல். கியர்பாக்ஸின் வெளிப்பக்கம் முழுவதையும் டீசல் ஊற்றி பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, காயவிட வேண்டும். காய்ந்த பிறகு சாக்பீஸ் பொடியைத் துணியில் முடிந்து, பவுடர் போடுகிற மாதிரி எல்லா இடமும் ஒற்ற வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டிக் கிளப்புகிற மாதிரியே இருக்கும். அப்படியே வண்டியைப் பாலம் ஏறி இறங்கி ஓட்டிவரச் சொல்வார். திரும்பி வந்ததும் அடியில் பார்த்தால் வெள்ளைப் பொடியில் ஈரம் எங்கே ஆரம்பித்தது என்பது தெரியும். ஆயில் சும்மா இருக்காது. மேலே ஓர் ஓரத்தில் கசிந்து, விளிம்பைப் பிடித்து ஓடி, எங்கேயோ போய்ச் சொட்டும். “சொட்டற இடம் வேற, கசியற இடம் வேற” என்பது ஆசானுடைய வேதவாக்கு.

ஆயில் ஊற்றுவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஓடிவந்த சூட்டிலேயே பழைய ஆயிலை இறக்க வேண்டும். ஆறினால் பாதி அழுக்கு உள்ளேயே உட்கார்ந்துவிடும். அடி நட்டில் இருக்கிற காந்தத்தில் சாம்பல் பசை ஒட்டியிருந்தால் சரி, சில்லு ஒட்டியிருந்தால் உள்ளே பல் போயிருக்கிறது என்று அர்த்தம். செப்பு வாஷரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மெத்தென்று ஆக்கித்தான் திரும்பப் போட வேண்டும். எங்கள் ஷெட்டின் தரை ஓடைப் பக்கம் சரிவு. அதனால் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து, ஒரு சாயா கிளாஸில் தண்ணீர் ஊற்றி சேசிஸ் மேல் வைத்து, மட்டம் பார்ப்பார். பிறகு பக்கவாட்டுத் துளை வழியாகத் தொண்ணூறாம் நம்பர் ஆயில் போகும். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கேட்டால் சொல்லமாட்டார். “போதும்னு நம்மள் சொல்லக்கூடாது மோனே. அது சொல்லும்.” துளையின் உதட்டில் ஆயில் வந்து தானாக வழிந்தால், அதுதான் அது சொல்வது.

சீல் போடுவது மட்டும் தேவராஜின் வேலை. ஆசானே அதை அவனிடம் விட்டுவிட்டார். கியர்பாக்ஸின் முன்பக்கத் தண்டு கிளட்ச்சுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், உள்ளே இருக்கிற ஆயில் கிளட்ச்சுக்கு வராமல் காப்பது அதுதான். தண்டின் பல்வரிசை அந்த ரப்பர் உதட்டைக் கீறிவிடும் என்பதால், தேவராஜ் தண்டின் மேல் கேரி பேக்கைச் சுற்றி, ஆயில் தடவி, அதன் மேல் கவரை வழுக்கி இறக்குவான். சீலை அதன் குழியில் உட்கார வைப்பதற்கென்று பலாமரத்தில் ஒரு கட்டை கடைந்து வைத்திருந்தான். சுற்றிலும் சமமாகத் தட்டிக்கொண்டே வருவான். தட்டும்போது கண்ணை மூடிக்கொள்வான். டக் டக் என்று கேட்பது ஓர் இடத்தில் டொக் என்று மாறும். அதோடு நிறுத்திவிடுவான். அதற்கு மேல் ஒரு தட்டு கூடினாலும் சீல் கோணிவிடும் என்பான்.

“என்னடா, சீலைத் தாலாட்டித் தூங்க வைக்கிறியா?” என்று நாங்கள் கிண்டல் செய்வோம். “நீ போட்டது முழிச்சுக்கிட்டே இருக்குதே, அதான் ராத்திரியெல்லாம் ஒண்ணுக்குப் போவுது” என்று கண்ணைத் திறக்காமலே சொல்வான். பக்கத்து ஷெட்காரர்கள் கஷ்டமான வண்டி வந்தால் ஆசானிடம் வந்து, தேவராஜைக் கொஞ்சம் அனுப்புங்கள் என்று கேட்பார்கள். தேவராஜின் கை என்றால் மட்டாஞ்சேரியில் எல்லா டிரைவருக்கும் தெரியும். அவனுக்கு வேறு சொத்து கிடையாது. அந்தப் பேர்தான்.

வேலப்பன் வண்டி எங்கள் ஷெட்டுக்கு வந்தபோது தேவராஜ் புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தான். வயசானால் எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் ஷெட்டில் கண்ணாடி போட்ட முதல் ஆள் அவன் என்பதால் பெரிய வேடிக்கையாகிவிட்டது. பீரான் இக்கா அவனுக்கு ‘ஹெட்மாஸ்டர்’ என்று பேர் வைத்து, சாயாவை ரெண்டு கையால் நீட்டுவார்.

வேலப்பன் சொந்தமாக ஒரே ஒரு பழைய லாரி வைத்து ஓட்டுகிறவர். துறைமுகத் தீவிலிருந்து பஜாருக்கு அரிசி மூட்டை அடிப்பார். வந்த அன்றே சொன்னார்: “ஆசானே, வண்டிக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. ரெண்டு பேருக்கும் ஒழுகல். என்னை விடுங்க, அதைப் பாருங்க.” விஷயம் சிரிப்பானதல்ல. லோடு ஏற்றிப் பாலம் ஏறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. பின்னால் வரிசையாக வண்டிகள் நின்று ஹாரன் அடிக்கின்றன. கியர் ஆயில் முன்னால் கசிந்து கிளட்ச் பிளேட்டை நனைத்துவிட்டது, பிளேட் வழுக்குகிறது. ஆசான் விரலில் தொட்டார், காயல் ஓரம் போனார், வந்து தலையசைத்தார். கழுவி, பொடி போட்டு, ஓட்டிப் பார்த்தோம். முன்சீல்தான், சந்தேகமே இல்லை.

கியர்பாக்ஸை இறக்கி தேவராஜ் சீல் மாற்றினான். சில நாளில் வேலப்பன் திரும்பி வந்தார், அதே ஒழுகல். தண்டில் சீல் உரசி உரசி லேசாகக் கோடு விழுந்திருந்தது. உதடு கோட்டில் படாமல் இருக்க, சீலை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி உட்கார வைத்தான். மறுபடி வந்தார். இந்தத் தடவை பேரிங், பேக்கிங், சீல் எல்லாமே புதிது. பேக்கிங் காகிதத்தைக் கவரின் விளிம்பில் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி, மயிரிழை பிசகாமல் அவனே வெட்டினான். அதற்கும் அப்புறம் மறுபடி வந்தார். ஷெட்டுக்குள் நிற்கும்போது ஒரு சொட்டு வராது. ஓடிச் சூடானால் வரும்.

அப்படி வந்த ஒரு நாள், சூட்டோடு சூடாக தேவராஜ் அடியில் போய் பக்கவாட்டுத் துளையின் லெவல் நட்டைத் திறந்திருக்கிறான். நான் அன்று தேவராவில் வேறொரு வண்டியைப் பார்க்கப் போயிருந்தேன், பிறகு பீரான் இக்கா சொல்லித்தான் தெரியும். அடியிலிருந்தே குரல் கொடுத்தானாம்: “ஆசானே, நட்டு கழண்டப்ப புஸ்ஸுனு மூச்சு விட்டுதுங்க.” ஆசான் வேறு இரண்டு வண்டிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். “மூச்சு விட்டுதா? பேரும் ஊரும் சொல்லுச்சா?” என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். தேவராஜ் திரும்பவும் சீல் மாற்றினான்.

அதற்கு அடுத்த தடவை வேலப்பன் வந்தபோது நான் இருந்தேன். அன்று பாலத்தின் நடுவில் லோடோடு நின்று, இன்னொரு வண்டி வந்து கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அரிசிக் கடைக்காரர் இன்னொரு தடவை இப்படி நின்றால் வேறு லாரி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வேலப்பன் அழாத குறை. சுமைதூக்குகிறவர்கள், சாயா குடிக்க வந்த டிரைவர்கள், பக்கத்து ஷெட் ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். இத்தனை பேர் பார்க்க, தன் ஷெட்டின் வேலை தெருவில் ஒழுகிக்கொண்டு நிற்பது ஆசானுக்குத் தாங்கவில்லை.

“தேவராஜ்” என்றார். மோனே இல்லை. “உங்க கை போச்சு. கண்ணாடி வந்தப்பவே எனக்குத் தோணுச்சு. இனி நீங்க கஷ்டப்பட வேண்டா.”

“ஆசானே, இன்னொரு தடவை பார்க்கலாமே” என்றேன் நான். “நீங்களும் வேணும்னா அவர்கூட உட்காருங்க, மாணிக்கம்” என்றார். எனக்கும் ‘நீங்க’ கிடைத்தது.

தேவராஜ் மரத்தூளும் சோப்புப் பொடியும் போட்டுக் கையைக் கழுவினான். எப்போதும் கழுவுகிறதைவிட அதிக நேரம் கழுவினான். கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டம் விலகி வழிவிட, போய்விட்டான். பலாக்கட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அது ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது.

எங்கள் தொழிலில் படிப்புக்குச் சான்றிதழ் கிடையாது. ஆசான் ஒருவரைப் பற்றிச் சொல்கிற வார்த்தைதான் சான்றிதழ். அது வேலியேற்றத்தில் காயல் தண்ணீர் ஏறுகிற மாதிரி சத்தமில்லாமல் எல்லாச் சந்துக்குள்ளும் ஏறிவிடும். தேவராஜ் பக்கத்து ஷெட்டில் கேட்டான். நேற்று வரைக்கும் அவனைக் கடன் கேட்டவர்கள், “அந்தோணியாசானே அப்படிச் சொன்ன பிறகு நாங்க எப்படி தேவராஜே” என்றார்கள். தோப்பும்படியில் கேட்டான், பள்ளுருத்தியில் கேட்டான். எங்கே போனாலும் அவன் முகத்தைப் பார்க்கும் முன்னால் கையைப் பார்த்தார்கள். ஒருவர் கையை நீட்டச் சொல்லி, நடுங்குகிறதா என்று பார்த்தாராம். “நடுங்கலடா. ஆனா அவர் பாக்கறாருன்னதும் நடுங்கிச்சு” என்றான் தேவராஜ் என்னிடம். கடைசியில் அவன் மச்சான் ஒருவர் சொல்லி, தீவில் குடோன் கேட்டில் காவல் வேலை கிடைத்தது.

வேலப்பன் வண்டிக்கு அடுத்த சீலை ஆசானே போட்டார். எல்லாரும் பார்க்கத்தான் போட்டார். தேவராஜின் பலாக்கட்டையை ஆணியிலிருந்து எடுத்து, கேரி பேக் சுற்றி, ஒவ்வொன்றையும் தேவராஜ் செய்த மாதிரியே செய்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லாத வேலை. வண்டி போனது. வண்டி திரும்பி வந்தது. கை போனவன் போட்ட சீலும் ஒழுகியது, கை போகாதவர் போட்ட சீலும் ஒழுகியது.

அன்று ஆசான் மற்றவர்களையெல்லாம் சாயா குடிக்க அனுப்பிவிட்டார். என்னை மட்டும் விளக்குப் பிடிக்கச் சொல்லி, தானே அடியில் போய்ப் படுத்தார். கியர்பாக்ஸ் தொட முடியாத சூடு. ஸ்பானரைப் போட்டு லெவல் நட்டை மெதுவாகத் திருகினார். நட்டு கையோடு வருவதற்கும், புஸ்ஸென்று காற்று சீறுவதற்கும் சரியாக இருந்தது. சூடான ஆயில் அவர் கன்னத்தில் தெறித்தது. துடைக்கவில்லை. அப்படியே மல்லாந்து கிடந்தார். “மாணிக்கம், மோனே... அவன் அன்னைக்கு என்ன சொன்னான்?” என்று கேட்டார்.

“மூச்சு விட்டுதுன்னு சொன்னானாம், ஆசானே.”

எழுந்தார். வண்டியின் கேபினுக்குள் ஏறி, மிதியடி ரப்பரைச் சுருட்டி, தரைத் தகட்டைக் கழற்றினார். கியர்பாக்ஸின் தலையில், கியர் ராடுக்குப் பக்கத்தில், காளான் போல ஒரு சின்னத் தொப்பி உண்டு. அதுதான் பிரீதர். ஓடும்போது கியர்பாக்ஸ் சூடாகும், உள்ளே இருக்கிற காற்று விரியும், அந்தத் தொப்பிக்கு அடியில் இருக்கிற துளை வழியாக வெளியே போகும். கியர்பாக்ஸ் இறக்கிய ஒவ்வொரு தடவையும் அதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம், துடைத்தும் இருக்கிறோம். தொப்பி தொப்பியாகத்தான் இருந்தது. ஆசான் இப்போது அதைத் திருகி எடுத்துக் கவிழ்த்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் கல் மாதிரி ஏதோ இறுகியிருந்தது. ஆணியால் குத்தினார். அசையவில்லை. காற்றுக்குப் போக வழியில்லாமல், இருக்கிறதிலேயே மென்மையான இடமாகப் பார்த்து, சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வந்திருக்கிறது. யார் சீல் போட்டாலும் வந்திருக்கும்.

வேலப்பனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவருக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. “ஆமா, நான்தான் அடைச்சேன்” என்றார். அமாவாசையை ஒட்டிக் காயல் தண்ணீர் ஓடை வழியாக ஏறிப் பஜார் ரோட்டில் முழங்கால் அளவுக்கு நிற்கும். அதைத்தான் இங்கே வேலியேற்றம் என்பார்கள். அப்படியொரு நாள், தண்ணீரில் நின்ற வண்டியின் கியர்பாக்ஸுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து, ஆயில் பால் ஊற்றின சாயா மாதிரி ஆகிவிட்டதாம். அதற்குப் பிறகுதான் பைப் அடைக்கிற பிசினை உருட்டி அந்தத் துளையில் திணித்திருக்கிறார். “தண்ணி கேறாம இருக்கத்தானே செஞ்சேன் ஆசானே. யாரும் கேக்கல, நானும் சொல்லல” என்றார். அதிலும் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவரைத் திட்ட எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. விசாரித்தால், அந்தத் தெருவில் மூட்டை அடிக்கிற இன்னும் சில வண்டிகளின் பிரீதரிலும் அதே பிசின் இருந்தது. வண்டியைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தது. உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிழைக்கிறவர்களுக்குத்தான் இந்தப் புத்தி தோன்றும்.

கடைசியில் செய்த வைத்தியம் ஒரு முழ ரப்பர் குழாய்தான். தொப்பியை எடுத்துவிட்டு, துளையில் குழாயைப் பொருத்தி, கேபினுக்குப் பின்னால் தண்ணீர் எட்டாத உயரத்துக்கு ஏற்றிக் கட்டினோம். வேலப்பன் வண்டி அதற்கப்புறம் ஒழுகவில்லை.

தொப்பி ஆசானிடம் இருந்தது. பிசினைச் சுட்டுச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேவராஜை வேலைக்கு வரச் சொல் என்று என்னை அனுப்பினார். போய்ச் சொன்னேன், நடந்ததையும் விவரமாகச் சொன்னேன். தேவராஜ் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “சொன்ன வாய் வரட்டும்” என்றான். ஆசானிடம் அதையும் சொன்னேன். “நியாயம்தான், போகலாம்” என்றார். மழை விடட்டும் என்றார். பிறகு பெருநாள் முடியட்டும் என்றார். கர்வம் என்று அப்போது நினைத்தேன். ஒரு நாள் அவரே சொன்னார்: “கர்வம் இல்ல மோனே. அவன் முகத்தைப் பாக்கணுமே.” அவர் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் தேவராஜுக்கு அந்தக் கேட்டு பழகிக்கொண்டே வந்தது. அதுதான் எனக்கு இப்போதும் ஆறாதது. தொப்பியைக் கழற்றிய அன்றைக்கே, கன்னத்தில் தெறித்த ஆயிலோடு அவர் கிளம்பிப் போயிருக்கலாம்.

போனது வேலப்பன் வண்டியில்தான். தீவுக்கு லோடு எடுக்கப் போகிறவரோடு கேபினில் ஏறிக்கொண்டோம். பாலம் ஏறும்போது வண்டி ஒரே இழுப்பில் ஏறியது. ஆசான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அதன் மறுநாள் ஷெட்டில் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆசான் எங்கள் எல்லாரையும், பக்கத்து ஷெட் ஆட்களையும் கூப்பிட்டு, பீரான் இக்கா கடை முன்னால் நின்று சொன்னார்: “தேவராஜ் கை போகல. போனது என் காது.” சொல்லும்போது அவருடைய குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. பெரிய மனசு வேண்டும் அதற்கு. ஆனால் கேட்க வேண்டியவன் அங்கே இல்லை. நான் போய் அவனிடம் சொன்னபோது, “எனக்குக் கேக்கலியே” என்று மட்டும் சொன்னான். கேட்டில் சொன்னபோது ஊர் இல்லை, ஊரில் சொன்னபோது அவன் இல்லை. இரண்டும் ஒன்றாகச் சேரவே இல்லை.

ஆசான் அதற்கப்புறம் சீல் போடவில்லை. நான் போட்டேன். என் கை மோசமில்லை, வண்டிகள் ஒழுகாமல்தான் ஓடின. ஆனால் கண்ணை மூடித் தட்டும்போது அந்த டொக் எனக்கு ஒரு நாளும் தெளிவாகக் கேட்டதில்லை. பலாக்கட்டையால்தான் தட்டினேன், தட்டி முடித்ததும் அதே ஆணியில் மாட்டி வைத்தேன். ஆசான் இப்போது இல்லை. ஷெட் இருந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். தேவராஜ் கடைசி வரைக்கும் அந்தக் கேட்டிலேயே இருந்து ஓய்வு பெற்றான்.

சரி, கேட்டுக்கு வருகிறேன்.

வேலப்பன் வண்டியை நிறுத்தினார். நாங்கள் இறங்கினோம். மத்தியான வெயில். லோடு ஏற்றுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், சாலையில் ஆள் இல்லை. தேவராஜ் எங்களைப் பார்த்ததும் கூண்டிலிருந்து வெளியே வந்தான். கண்ணாடி போட்டிருந்தான். ஆசான் பையிலிருந்து அந்தத் தொப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “மோனே, இதுதான். நீ சொன்னது சரி. உன் கை நல்ல கை. வா, போகலாம்” என்றார். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்க வந்ததே பெருசு” என்றான் தேவராஜ். “நான் குறை சொல்லல. ஆனா எல்லார் முன்னாலயும் சொன்னதை, ஆளில்லாத இந்த கேட்டுல வந்து திருப்பி எடுத்துக்கிட்டா எப்படி ஆசானே?”

ஆசான் நீட்டிய கை மடங்கவில்லை.

தேவராஜ் அந்தத் தொப்பியை எடுத்தான். புரட்டிப் பார்த்தான். வாயில் வைத்து ஊதினான். காற்று தடையில்லாமல் போனது. சட்டையில் துடைத்து, ஆசானுடைய உள்ளங்கையிலேயே திரும்ப வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். பிறகு போய்க் கேட்டுக் கம்பத்தைத் தூக்கினான். வேலப்பன் வண்டி மெதுவாக உள்ளே நகர்ந்தது. அது தன்னைத் தாண்டும்போது தேவராஜ் ஒரு கையால் கம்பத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, குனிந்து வண்டியின் அடியை, கிளட்ச் கூட்டுக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று பார்த்தான். நிமிர்ந்தான். கம்பத்தை இறக்கிவிட்டுக் கூண்டுக்குள் போனான்.